அடியில் தங்கிய மருந்து

அவர் தேநீர் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். சீனியைப் போட்டுக் கலக்கிவிட்டு, கிளாசை மேசையில் வைத்து அதன் அடியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சீனி மணி தெரிந்தாலும் மறுபடி கலக்குவார். மறுபடி வைப்பார். தேநீர் நன்றாக ஆறின பிறகுதான் முதல் மிடறு.

"சூடாக் குடிச்சா என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கரைஞ்சதோ இல்லையோ எண்டு தெரியாமக் குடிக்கேலாது பிள்ளை," என்றார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னதாக ஒரு பாமசி. அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர் அவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, நகத்தை ஒட்ட வெட்டிய விரல்கள். ஒழுங்கையில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஒருமுறை அதைச் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன். ஆகையால் இங்கே எழுதவில்லை.

கடை யன்னல் ஓரத்தில் எப்போதும் மூன்று நான்கு கண்ணாடிக் கிளாஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று தண்ணீரில் போட்டு வைத்திருப்பார். ஒழுங்கைச் சனம் கொண்டுவந்து கொடுப்பவைதான். நாட்டில் ஒன்றுமே கிடைக்காத வருடம் அது. கிடைத்த கொஞ்சத்திலும் எவன் எதைக் கலந்தான் என்று தெரியாது. ஒரு ஆன்ரி பிளாஸ்டிக் பையில் கட்டி விற்ற பால்மாவைக் கொண்டுவந்தார். அக்கா அதைக் கரைத்து, காயத்துக்குப் பூசும் அயடினில் ஒரு சொட்டு விட்டார். பால் கறுப்பு நீலமாக மாறியது.

"மாச் சேர்த்திருக்கு. பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ."

"நான் வாங்கின கடை எது தெரியுமா அக்கா..."

"எனக்கு அது வேண்டாம். எனக்குப் பால்மாவை மட்டுந்தான் தெரியும்."

இன்னொருவர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். விடிய முதல் போய் வரிசையில் நின்று வாங்கியது. அடுப்பு படபடவென்று வெடிக்கிறதாம். அக்கா அதைக் கிளாசில் ஊற்றி, "வச்சுப் பாப்பம்," என்றார். கொஞ்ச நேரத்தில் கிளாசின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. மேலே எண்ணெய், கீழே தண்ணீர். வாங்கியதில் கால்வாசி தண்ணீர். அந்த மனிதர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, மேலே இருந்த எண்ணெயை உறிஞ்சி உறிஞ்சி அவருடைய போத்தலுக்கு மாற்றிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் எடுத்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"வச்சுப் பாப்பம்" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் சொல். கலக்கின உடனே எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பார். எதையும் வைத்துவிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். ஆறுதலும் சொல்லமாட்டார். "இதைக் குடிச்சாச் சுகம் வருமா அக்கா?" என்று யாராவது கேட்டால், "தெரியாது," என்பார். அதற்காக முதலாளி அவரைப் பலமுறை ஏசியிருக்கிறார்.

முன்பு ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தவராம். ஒருநாள் பெரிய சாடி நிறைய இருமல் மருந்தை அப்படியே கீழே கொட்டிவிட்டார். கலந்தவன் சாப்பிடப் போய்விட்டான், அதற்குப் பிறகு அதை யாராவது கலக்கினார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியே வரிசையில் நின்ற சனம் சத்தம் போட்டிருக்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இவர் வேலையை விட்டுவிட்டார். இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மூன்று வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு வரும். காலையும் மாலையும் ஒரு சிரப் கொடுத்தால் வராது. அந்தச் சிரப் அந்த வருடம் நின்றுபோனது. கிளினிக் யன்னலில் இருந்தவர், "சிரப் முடிஞ்சுதம்மா, வெளியில வாங்குங்கோ," என்றார். வெளியில் எங்கே? வெள்ளவத்தையில் பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன். மருதானைக்குப் போனேன். கொட்டாஞ்சேனைக்குப் போனேன். "நே, நோனா," என்று சிங்களத்தில் இல்லையெனச் சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைப் பார்த்தார்கள். கணவர் கட்டாரில் வேலை செய்தார். அங்கிருந்து கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த போத்தலில் இரண்டு விரற்கடை மருந்துதான் மீதி.

பெரியவர்களுக்கான குளிசை மட்டும் கிடைத்தது. நொறுக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைக்கு வேண்டியது அதில் ஒரு துண்டு. கத்தியால் வெட்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆகவே ஒரு குளிசையை இடித்து, கொதித்தாறிய தண்ணீரில் கலந்து, ஒரு சின்னப் போத்தலில் விட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அக்கா அதை வாங்கி யன்னல் ஓரத்தில் வைத்தார். அந்தப் பக்கம் போய் இரண்டு பேருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தார்.

"இப்ப பாரும்."

மேலே தெளிந்த தண்ணீர். அடியில் வெள்ளையாக ஒரு படை.

"இது சீனி மாதிரிக் கரையிற சாமான் இல்லை. மேல இருக்கிறதைக் குடுத்தா நீர் வெறுந் தண்ணிதான் குடுக்கிறீர். பிள்ளைக்கு வலிப்பு வரும். அடியில இருக்கிறதைக் குடுத்தா நாலு நேர மருந்து ஒரு நேரத்தில போகும்."

"அப்ப நான் என்ன செய்யிறது அக்கா?"

"தெரியாது."

நான் கடைக்குள்ளேயே அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "டொக்டரிட்ட எழுதி வாங்கிக்கொண்டு வாரும். குளிசையில இருந்து தண்ணி மருந்து செய்யலாம், எவ்வளவு குடுக்கிறது எண்டு அவர் எழுதோணும். ஒரு குளிசை எனக்குத் தாரும். நான் வச்சுப் பாக்கோணும்," என்றார்.

டொக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். கடையில் கலக்க முதலாளி விடவில்லை. கொட்டாஞ்சேனையில் மாடி அறை ஒன்றில் அவர் தனியாக இருந்தார். அங்கே வைத்துச் செய்தார். தூளை அடியில் விழவிடாமல் பிடித்து வைக்கக் கொழகொழப்பான ஏதாவது வேண்டும். முதலில் அரிசிக் கஞ்சியில் கலந்தார். நன்றாகப் பிடித்தது, இரண்டாம் நாள் புளித்து மணத்தது. சவ்வரிசித் தண்ணீர் ஆறியதும் கட்டி கட்டியாய்ப் போனது. கடைசியில் எங்கேயோ தேடிக் கொஞ்சம் பிசின் தூள் எடுத்துவந்து, சீனிப் பாகில் கரைத்து, அதில் மருந்தைக் கலந்தார். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு என்னை வரச் சொன்னார்.

"முழுக்க நிக்கேல்ல. மெதுவாக் கீழ போகுது. ஆனா கூப்பிட்டா மேல வருது," என்றார். அன்றுதான் அவர் முகத்தில் ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன்.

போத்தலின் கழுத்தைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, நிமிர்த்தி, நூறு தரம். பிறகு வெளிச்சத்துக்கு நேரே சரித்து அடியைப் பார்க்கவேண்டும். வெள்ளை ஒட்டியிருந்தால் இன்னும் நூறு தரம். என்னைத் தன் முன்னாலேயே செய்யவைத்துப் பார்த்தார். மூன்று நாளைக்கு மேல் கொடுக்கமாட்டார். மூன்று நாளுக்கு ஒருமுறை நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து இன்னொரு தாயும் அதே மாதிரி டொக்டர் எழுதித் தந்த துண்டோடு வருவார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. படியில் சந்திக்கும்போது, "ஒங்கட மகளுக்கு வலிப்பு நின்டுட்டா தங்கச்சி?" என்று கேட்பார். "ஓம் ராத்தா," என்பேன். "எங்கட புள்ளக்கும் நின்டுட்டு. அல்லாஹ்ட காவல்," என்பார். ஒரு மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் வலிப்பே வரவில்லை.

பிறகு பெற்றோல் அடியோடு இல்லாமல் போனது. பஸ் எப்போதாவது ஒன்று வரும், ஏற இடமிருக்காது. நான் ஒருநாள் கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனேன். வெயிலில் கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன.

"அக்கா, ஒரு கிழமைக்குத் தாங்கோ. மூண்டு நாளுக்கு ஒருக்கா இப்படி வர ஏலாது. பிள்ளையப் பாக்க வீட்டில ஆளில்லை."

"ஏழு நாள் நான் வச்சுப் பாக்கேல்ல பிள்ளை."

"ஏழு நாளில மருந்துக்கு ஒண்டும் ஆகாது அக்கா. நான் நல்லாக் கலக்குவன்."

அவர் என் கால்களைப் பார்த்தார். ஏழு நாளுக்கான மருந்தை ஒரு போத்தலில் ஊற்றித் தந்தார். அவரைத் தெரிந்த காலத்தில், வைத்துப் பார்க்காமல் அவர் கொடுத்த ஒரே பொருள் அந்தப் போத்தல்தான்.

முதல்நாள் நூறு தரம் எண்ணிக் கலக்கினேன். அடுத்தநாள் விடியவே எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசைக்கு ஓடவேண்டியிருந்தது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. மின்சாரம் எப்போது போகும், தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாது. போத்தலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு ஊற்றிக் கொடுத்தேன். பிறகு அதுவும் இல்லை. நாலாம் நாள் பின்னேரம் மகளுக்கு வலிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறை. அக்காவின் மருந்து வேலை செய்யவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

ஏழாம் நாள் காலை போத்தலில் தண்ணீராக ஒரு கரண்டிதான் இருந்தது. அடியில் வெள்ளைக் களி. எனக்கு அப்போது அக்கா சொன்னது ஞாபகம் வந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வந்தது. ஆனால் அவ்வளவு பாடுபட்டு எடுத்து வந்த மருந்தைக் கழுவி ஊற்ற மனம் வரவில்லை. வலிப்பு மறுபடி வந்துவிடும் என்ற பயம் வேறு. கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, கரண்டிக் காம்பால் சுரண்டி, முழுவதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பத்து மணிக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் தன் ஓட்டோவில் மிச்சமிருந்த பெற்றோலில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"யார் இந்த மருந்தைக் கலந்தது?" என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். அவர் எங்களுக்குத் துண்டு எழுதித் தந்தவர் அல்ல. நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். பாமசியைச் சொன்னேன். கொட்டாஞ்சேனை வீட்டையும் சொன்னேன்.

இரண்டாம் நாள் மகள் கண் திறந்தாள். அன்று மத்தியானம் அக்கா வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து வந்திருக்கிறார், சேலைக் கரையெல்லாம் புழுதி. கட்டிலருகில் குனிந்து மகளின் கண்களை நெடுநேரம் பார்த்தார். டொக்டரும் தாதியும் பக்கத்தில் நின்றார்கள்.

"போத்தல் எங்க?" என்று கேட்டார்.

"கழுவிப்போட்டன் அக்கா."

"நீர் கலக்கினீரோ? ஒவ்வொரு நேரமும்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பெற்ற பிள்ளைக்கு நானே நஞ்சு கொடுத்த மாதிரி அந்த அறையில் நிற்கவேண்டும்.

"ஓம். ஒவ்வொரு நேரமும். நூறு தரம்."

அவர் தலையை ஆட்டினார். சந்தேகப்படவே இல்லை. டொக்டர் பக்கம் திரும்பி, "பிழை என்னுடையது. ஏழு நாள் நிக்குமோ எண்டு பாக்காமக் குடுத்திட்டன்," என்றார். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அந்தக் கிழமையே பாமசி முதலாளி அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்.

மகள் சுகமானாள். கட்டாரிலிருந்து ஒருவர் மூலம் சிரப் வந்து சேர்ந்தது. பாமசியில் புதிதாக ஒரு பெண் நின்றாள். யன்னல் ஓரத்தில் கிளாஸ்கள் இல்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையால் போய்வந்தேன். இரண்டு மாதம் அப்படி இருந்தேன். பிறகு இருக்க முடியவில்லை. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும், கூடுதலாக வந்த ஒரு போத்தல் சிரப்பை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து, ஏதோ தூள் பைகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மகள் எப்படி?" என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். கலக்காததை. சுரண்டிக் கொடுத்ததை. பொய் சொன்னதை.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையுமே குடுத்தனீர்?"

"ஓம் அக்கா."

"மகள் விழுந்த பிறகு நான் அந்த மருந்தை ஏழு நாள் வச்சுப் பாத்தனான். எட்டாம் நாள் கலக்கினன். வடிவா மேல வந்தது. அடியில ஒண்டும் நிக்கேல்ல. திருப்பியும் செய்து பாத்தன். அப்பிடியேதான். பிழை என்ர கண்ணுக்குத்தான் தெரியேல்லை எண்டு நினைச்சன். ஏனெண்டா நீர் கலக்கினனான் எண்டு சொன்னனீர்."

கைப்பையைத் திறந்தேன். கொண்டுவந்த சிரப்பை நீட்டி, "ராத்தாவின்ர பிள்ளைக்குக் குடுங்கோ," என்றேன்.

அவர் அதை வாங்கவில்லை.

"உம்மட மகள் விழுந்த அண்டையில இருந்து நான் ஒருத்தருக்கும் கலக்கிக் குடுக்கேல்ல. அந்தத் தாய் ரெண்டு தரம் வந்தவ. ரெண்டாந்தரம் இந்தப் படியில இருந்து அழுதவ. நான் கதவைச் சாத்தினனான்." கதவைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலயாகியும் நிக்கேல்லையாம். இப்ப உயிர் இருக்கு. தாயையும் அடையாளம் தெரியாது."

எழுந்து முகம் கழுவினார். குடையை எடுத்தார்.

"வாரும்."

"எங்க அக்கா?"

"மாளிகாவத்தைக்கு. எனக்குச் சொன்னதை அங்க வந்து சொல்லும்."

பஸ்ஸில் அவர் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். தொடர்மாடியில் மூன்றாம் மாடி. கதவு திறந்தேயிருந்தது. பிள்ளை பாயில் கிடந்தாள். முகட்டைப் பார்த்தபடி இருந்த கண்கள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தாய் தலையணையை முட்டுக்கொடுத்து, குழைத்த சோற்றைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் அவருடைய கை நின்றது.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்தமுறை ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடியும்வரை அவர் பிள்ளையின் வாயோரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஒங்கட மகள் இப்ப சொகமா ஈக்காளா?" என்று கேட்டார்.

"ஓம்."

"பேசுறாளா?"

"ஓம்."

"ஸ்கூலுக்குப் போறாளா?"

"ஓம் ராத்தா."

அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். சோறு பாயில் சிந்தியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து, தொண்டையில் சிக்காமல் இருக்க அவளுடைய தலையைத் தன் மடியில் உயர்த்தி வைத்தார். தாய் தடுக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை. ஒரு கரண்டி உள்ளே போனதும் அக்கா பிள்ளையின் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, அது விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்ததற்குத் தலையசைத்தார்.

சிரப் போத்தலை வாசலில் வைத்தேன். உள்ளே வரச் சொல்வார்களோ போகச் சொல்வார்களோ என்று தெரியாமல் நின்றேன்.

"நீர் போம்," என்றார் அக்கா, தலை நிமிராமல்.

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனை அறையை விட்டுவிட்டாராம். மாளிகாவத்தைப் பக்கம், அந்தத் தொடர்மாடிக்குக் கிட்ட ஒரு அறை எடுத்து இருக்கிறார் என்று பாமசியில் இப்போது நிற்கும் பெண் சொன்னாள். பிள்ளை இப்போது தாயைப் பார்த்து உம்மா என்று சொல்கிறாளாம், அல்லது அப்படி ஏதோ ஒரு சத்தம் வருகிறதாம். சரியாகத் தெரியவில்லை என்றாள். போய்ப் பார்க்கலாம்தானே என்று கேட்டாள். நான் மகளின் சிரப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.